சபுரா மூடி வைத்த எண்

முனைவர் சபுரா பீவி இறந்துபோன செய்தி எனக்கு ஜெனிவாவிலிருந்து வந்தது. அவர் கல்லூரி உத்தமபாளையத்தில், என் கல்லூரி தேனியில், நடுவே ஒரு மணி நேர பஸ் தூரம். அந்தத் தூரத்தைக் கடந்து எனக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது இந்தப் பக்கம் இயற்பியல் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். ஆகவே தங்கவேலுக்குச் சொல்ல வேண்டாம் என்று அவரவர் தனித்தனியே முடிவு செய்திருக்கிறார்கள்.

ஜெனிவா பக்கத்தில், பூமிக்கு அடியில், வட்டமான சுரங்கம் ஒன்றில் அணுக்கருக்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதச் செய்கிறார்கள். நாங்கள் அதை மெஷின் என்றே சொல்வோம். அங்கே நடக்கும் ஒரு சோதனையில் பங்குபெறும் பலநூறு பேரில் நானும் சபுராவும் உண்டு. தரவு ஒழுங்காகப் பதிவாகிறதா என்று முறைவைத்து, அவரவர் ஊரிலிருந்தே கணினியில் கவனிப்போம். அது ஷிஃப்ட். பல நாட்களில் என் ஷிஃப்டுக்கு அடுத்தது அவருடையதாக அமையும். முடிக்கும்போது பதிவேட்டில் நான் "குறை ஒன்றும் இல்லை" என்று எழுதுவேன். அவர் "பொறுப்பேற்றேன்" என்று எழுதுவார். ஒன்பது வருடமாக எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை மதியம் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலந்துக்காரரின் பெயர் இருந்தது. சபுரா ஷிஃப்டை விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. நோன்பு மாதத்திலும் விட்டதில்லை, காய்ச்சலிலும் விட்டதில்லை. காரணம் கேட்டு எழுதினேன். அன்று தலைமைப் பொறுப்பில் இருந்த இத்தாலியப் பெண் பதில் போட்டார்: "மன்னிக்கவும். உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டோம். நீங்கள் இருவரும் ஒரே ஊர்தானே?"

மூளையில் ரத்தக்கசிவு. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டாராம். மதுரைக்குக் கொண்டுபோகும் வழியில், ஆண்டிபட்டி தாண்டியதும் முடிந்துவிட்டது. அன்று மாலையே அடக்கம். எனக்குத் தெரியும்போது இரண்டு நாள் ஆகிவிட்டது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது முதலில் மறுத்தேன். அதன் பிறகு இரங்கல் கூட்டத்துக்குப் போனேன். ஆறு பேர் பேசினார்கள். எளிமை என்றார்கள், கடமை என்றார்கள். அவர் எதை ஆராய்ந்தார் என்று ஒருவரும் ஒரு வரி சொல்லவில்லை. ஒருவர், போடி மலையைக் குடைந்து நடத்தவிருந்த நியூட்ரினோ சோதனையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என்று பேசிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டினார்கள். அந்தச் சோதனைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வெளியே வந்ததும் எழுதுவதென்று முடிவு செய்தேன். சபுராவோடு சண்டை போட்டவனுக்குத்தான் சபுராவின் வேலை தெரியும்.

அவரை நான் முதலில் காதால்தான் அறிந்தேன். கல்கத்தாவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். விடுதிக்குக் கீழே வராந்தாவில் ஒரே ஒரு தொலைபேசி. வங்காளிப் பேச்சுக்கு நடுவில் ஒரு குரல் தன் தகப்பனாரிடம் கத்திக்கொண்டிருந்தது. "அத்தா, அம்மா வந்தாகளா? பச்சப் பெட்டிய அங்கன பீரோ மேல வச்சிருக்கேன்னு சொல்லுங்க. பச்ச. பச்சத்தா." இரண்டு வருடமாக அந்த 'வந்தாகளா'வைக் கேட்காத காது என்னுடையது. ஃபோனை அவர் வைக்கும்வரை நின்றேன்.

"கம்பமா, போடியா?" என்று கேட்டேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "உத்தமபாளையம். நீங்க?"

"கெங்குவார்பட்டி."

"அது பெரியகுளத்துக்கும் அங்கிட்டுல்ல. அதையெல்லாம் நாங்க எங்க கணக்குல சேக்குறதில்ல." பிறகு என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "சரி, இம்புட்டுத் தூரம் வந்தப்பெறகு சேத்துக்கிறலாம். வாங்கண்ணே, டீ குடிப்பம்."

அன்றிலிருந்து நான் அண்ணன். அவருக்குக் கோபம் வந்தால் மட்டும் சார்.

இருவருமே ஊர் திரும்பினோம். நான் திரும்பியது விருப்பத்தால் இல்லை. மூன்று நேர்காணல்களில் என்னைவிடக் குறைவாகச் செய்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழுக்களில் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள் இன்றும் எனக்கு வரிசையாகத் தெரியும். சபுராவுக்கு வடக்கே வேலை கிடைத்தது. வேண்டாமென்று வந்தார். ஏன் என்று கேட்டேன். "மெஷினு அங்கன இருக்கு. தரவு வயருல வருது. வயரு உத்தமபாளையத்துக்கும் வருமுல்ல?" என்றார். அது எனக்குக் கிடைக்காத வேலை. கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எங்கள் வேலை என்ன என்பதை அவர் சொன்னதுபோல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் கம்பம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். சின்னமனூரில் ஒரு விவசாயி திராட்சைக் கூடையோடு ஏறி எங்களுக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். நாங்கள் பேசுவதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"மலையக் கொடையப் போறவுக நீங்கதானா?"

அந்தக் காலத்தில் தேனிப் பக்கம் இயற்பியல் என்று வாயைத் திறந்தாலே இந்தக் கேள்வி வரும். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். சபுரா, "இல்லண்ணே. நாங்க ஈயத்தையும் ஈயத்தையும் மோதவிடுறவுக" என்றார்.

"மோதவிட்டு?"

"உருகுதான்னு பாப்போம்."

"ஈயம் அடுப்புல வச்சாலே உருகுமே தாயி. இதுக்கா ரெண்டு பேரும் இம்புட்டுப் படிச்சீக?"

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சபுரா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து ஒரு குலையைக் கேட்டு வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தார்.

"இந்தக் கொலைதான் ஈய அணுவோட நடுக்கருன்னு வச்சுக்கங்க. ஒவ்வொரு பழமும் ஒரு துகள். பழத்துக்குள்ள விதை இருக்குல்ல? அந்த விதைய எவனும் தனியாப் பாத்ததில்ல. தோல விட்டு அது வெளிய வரவே வராது. இப்ப ரெண்டு கொலைய எதிரெதிரா ராக்கெட்டு வேகத்துல விட்டா என்னாகும்?"

"சட்டையெல்லாம் கறையாகும்."

"அதேதான். தோலெல்லாம் கிழிஞ்சு, எந்த விதை எந்தப் பழத்துதுன்னே தெரியாம எல்லாம் ஒரே சாறாப் போகும். சூரியன் நடுவுல இருக்குற சூட்டவிட லட்சம் மடங்குக்கு மேல சூடு. கண்ணு இமைக்கிற நேரத்துல கோடியில ஒரு பங்குகூட நிக்காது, மறுபடி பழமாத் தெறிச்சிரும். ஒலகம் பொறந்த மொத நொடியில ஆகாசம் பூராவும் இந்தச் சாறுதான். அதத்தான் பாக்குறோம்."

விவசாயி அந்தக் குலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சாறு கெட்டியா, தண்ணியா?" என்றார்.

சபுரா என் முழங்கையைப் பிடித்து இறுக்கியது இன்றும் நினைவிருக்கிறது. உலகம் முழுவதும் இந்தத் துறையில் இருந்தவர்கள் கேட்ட கேள்வி அது. அவ்வளவு சூட்டில் அது ஆவிபோல் பரவும் என்றுதான் பெரும்பாலோர் எதிர்பார்த்தார்கள். வந்தது திரவம். நாம் அறிந்த எந்தத் திரவத்தையும்விட ஒட்டாமல் ஒழுகும் திரவம்.

"தண்ணிண்ணே," என்றார் சபுரா. "தண்ணியவிடத் தண்ணி."

அந்தக் குலையை உத்தமபாளையம் வருவதற்குள் தின்று தீர்த்தோம்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த முதல் ஈய ஓட்டம் நவம்பரில். அவர் கல்லூரியின் இயற்பியல் துறையில், பழைய தராசுகள் வைத்திருந்த அறையை ஒழித்து இரண்டு கணினிகள் போட்டிருந்தோம். வெளியே மழை. அதுவரை திரையில் புரோட்டான் மோதல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்புத் திரையில் சில பத்துக் கோடுகள் நடுப்புள்ளியிலிருந்து தெறித்துப் போகும், எண்ணிவிடலாம். மாலை நாலு மணி இருக்கும். ஈயம் மோதியது. திரையில் கறுப்பே இல்லை. ஆயிரக்கணக்கான கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று.

"அண்ணே, ஸ்கிரீன் கெட்டுப்போச்சா?"

"இல்ல சபுரா. அதுதான்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அடுத்த மோதல் வந்தது, அடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு பிரபஞ்சம் பிறந்து அணைந்ததன் சாம்பல் என்று பாடத்தில் பல தடவை சொல்லியிருக்கிறோம். பார்த்தது அன்றுதான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. யூ.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும். சபுரா ஓடிப்போய் ஆய்வகத்தில் அதில் மாட்டியிருந்த எல்லா வயர்களையும் பிடுங்கினார். இரண்டாவது கணினியையும் அணைத்தார். மழையில் மங்கிப்போன அறையில் ஒரே திரை மட்டும் எரிந்தது. இருவரும் முகத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"எங்க அத்தா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்து எறங்குனாகளே, அன்னைக்குக்கூட நெஞ்சு இப்பிடி அடிக்கலண்ணே. அவுககிட்டச் சொல்லிராதீக" என்றார்.

மின்சாரம் பதினெட்டாவது நிமிடத்தில் வந்தது. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அப்போது எனக்கு யார் மீதும் வருத்தம் இல்லை.

இனி எங்களைப் பிரித்ததைச் சொல்ல வேண்டும். மோதலில் சில நேரம் ஒரே புள்ளியிலிருந்து துகள்கள் இரண்டு தாரைகளாக எதிரெதிர்த் திசையில் கிளம்பும். ஒன்று சாற்றின் ஓரத்தில் எளிதாக வெளியேறிவிடும். மற்றது சாற்றைக் குறுக்கே கடந்து வர வேண்டும். வரும்போது ஆற்றலை இழந்து மெலிந்துபோகும். சில படங்களில் ஒரு பக்கம் கோபுரம்போல் ஒரு தாரை நிற்கும், எதிர்ப்பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கும். சாறு விழுங்கிவிட்டது என்று அர்த்தம். இது ஈயமும் ஈயமும் மோதும்போது. தனிப் புரோட்டான் ஒன்று ஈயத்தில் மோதினால் சாறு உண்டாக இடமே போதாது என்று நினைத்திருந்தோம். ஆனால் அங்கேயும் துகள்கள் திரவம்போல் ஒழுகுவதற்கு அடையாளம் தெரிந்தது. ஒழுகுகிறதென்றால் விழுங்கவும் வேண்டுமே. விழுங்குகிறதா? இந்தக் கேள்வியை நானும் சபுராவும் எடுத்துக்கொண்டோம். விடை ஒரு வரைபடம். புள்ளிகள் ஒன்று என்ற கோட்டில் நின்றால் விழுங்கவில்லை. கோட்டுக்குக் கீழே பள்ளம் விழுந்தால் விழுங்குகிறது.

பள்ளம் விழுந்தால் என் நிலை மாறும். வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓர் இடம் இருந்தது. இந்த முடிவோடு வாருங்கள், பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு என்னவென்று தெரிந்துவிட்டால் மனிதன் தன்னையறியாமல் அதன் பக்கம் சாய்ந்துவிடுவான். இந்தத் தரவை எடு, அதைத் தள்ளு என்று விதிகளை வளைப்பான். ஆகவே முடிவோடு ஏதோ ஓர் எண்ணைக் கணினியில் ரகசியமாகக் கூட்டி வைத்துவிடுவோம். திரையில் தெரியும் புள்ளிகள் உண்மையான இடத்திலிருந்து தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி என்று தெரியாது. அப்படியே வேலை செய்து, விதிகளையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே அந்த எண்ணை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இதை மூடிய பெட்டி என்போம்.

நான் திறந்தேன். இதை எழுத்தில் இப்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில், நிரலில் அந்த எண்ணைக் கூட்டும் ஒரே ஒரு வரியை நிறுத்திவிட்டு ஓட்டினேன். லேசான பள்ளம் தெரிந்தது. எந்த மோதலைப் பலமான மோதல் என்று எடுத்துக்கொள்வது என்பதற்கு ஓர் எல்லை வைத்திருந்தோம். அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். பள்ளம் ஆழமாயிற்று. நகர்த்துவதற்கு நல்ல காரணமும் கிடைத்தது. நல்ல காரணம் எப்போதும் கிடைக்கும்.

அடுத்த நாள் விதிகளை இறுதி செய்ய உட்கார்ந்தோம். சபுரா பதினாலு விதிகளையும் வாசித்து முடித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?"

"ஏன்? நல்லாத்தான இருக்கேன்."

"இல்ல, நீங்க ஒரு கமாவுக்கு அரை நாள் சண்ட போடுறவுக. பதிமூணு விதிக்கும் சரி, சரி, சரின்னு போயிட்டீக. பதினாலாவதுக்கு மட்டும் எல்லைய மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறீக."

"அதுக்குக் காரணம் சொன்னேன்ல."

"காரணம் ரொம்ப நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு." என் முகத்தையே பார்த்தார். "சார், நீங்க பெட்டியத் தொறந்துட்டீக."

மறுத்தேன். பிறகு கத்தினேன். உனக்குக் கண்டுபிடிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஒழுங்காக இருந்தேன் என்ற பேர் போதும் என்றேன். அவர் குரல் உயரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நீங்களே குழுவுக்கு எழுதிவிடுங்கள் என்றார். நான் எழுதவில்லை. சனிக்கிழமை அவர் எழுதினார். இரண்டே வரி: எங்கள் ஆய்வில் முடிவு முன்கூட்டியே பார்க்கப்பட்டுவிட்டது, ஆகவே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். யார் பார்த்தது என்று எழுதவில்லை. 'எங்கள்' என்று போட்டிருந்தார். அந்தத் தயவு எனக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. வடக்கத்தி வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவர் பெயரும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு ஒன்பது வருடம். நான் செய்தது தவறு என்பதை என்றும் எனக்குள் மறுத்ததில்லை. ஆனால் பள்ளம் உண்மை என்று நம்பினேன். வழி கோணல், விடை சரி. ஒரு பெரிய கண்டுபிடிப்பை ஒருவருடைய பிடிவாதம் புதைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டே முதலாண்டு மாணவர்களுக்கு ஊசல் சோதனை நடத்தினேன். என்னை அறிந்தவர்கள் எல்லாரிடமும் இதை ஒரு முறையாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாம். மதிய இடைவேளையில் கிரேஸ் மேடம் என் மேசைக்கு வந்தார். சபுராவின் துறையில் வேலை பார்க்கிறவர், தேனி கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பம். ஒரு பழுப்பு உறையை நீட்டினார். நாலு பக்கமும் ஒட்டியிருந்தது.

"சபுரா மேடம் குடுத்தாக. பத்திரமா வச்சுக்கச் சொன்னாக."

"என்ன இது?"

"அதச் சொல்லக் கூடாதுன்னாக சார்."

"நான் பிரிக்க மாட்டேன்னு போய்ச் சொல்லிருங்க."

"சொல்லிர்றேன் சார்," என்றவர் முகத்தில் சிரிப்பு இருந்ததுபோல் தோன்றியது. மன்னிப்புக் கடிதம் என்று நினைத்தேன். மன்னிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அவர் கேட்ட மன்னிப்பு படிக்கப்படாமல் என் பீரோவில் கிடப்பது எனக்குப் பிடித்திருந்தது. பிரிக்காமல் வைத்தேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் கிரேஸ் ஃபோன் செய்தார்.

"சார், அந்தக் கவரு இருக்கா?"

"இருக்கு."

"பிரிச்சீகளா?"

"பிரிக்க மாட்டேன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அத எடுத்துக்கிட்டுப் பொதன்கெழம மத்தியானம் வர முடியுமா சார்? இங்கன எல்லாருமே உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

ஒன்பது வருடம் கழித்து அந்த அறைக்குள் போனேன். கிரேஸ் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டேன். சபுரா அதே கேள்வியை முதலிலிருந்து மறுபடி எடுத்திருக்கிறார். புதிய தரவு, பழையதைவிட மிக அதிகம். நாங்கள் எழுதிய பதிமூன்று விதிகள் அப்படியே. பதினாலாவது, நான் நகர்த்துவதற்கு முன் இருந்தபடி. இந்த முறை ஒரு வரியை நிறுத்திப் பார்க்க முடியாதபடி நீளமான ஒரு சாவி எண்ணைப் போட்டுப் பூட்டச் சொல்லியிருக்கிறார். ஆய்வில் சேராத கிரேஸ்தான் அதைத் தட்டினார். ஒரு தாளில் எழுதி, உறையில் வைத்து ஒட்டினார். வேறு பிரதி கிடையாது. அத்தனை இலக்கம் யாருக்கும் நினைவில் நிற்காது.

"அத எதுக்கு எங்கிட்டக் குடுத்தாக?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன் சார். 'அவரு ரோஷக்காரரு கிரேஸ், என் கையால போனத உசுரே போனாலும் பிரிக்க மாட்டாரு'ன்னாக."

எனக்குச் சுருக்கென்றது. கிரேஸ் நிறுத்தவில்லை.

"அது மட்டுமில்ல சார். 'எனக்குத்தான் கை அரிக்குது. இங்கன இருந்தா என்னைக்காவது நானே பிரிச்சிருவேன். அவருகிட்ட இருந்தா நான் போயிக் கேக்கணும். அதுக்கு என் ரோஷம் விடாது'ன்னாக."

நான் உட்கார்ந்தேன். அவருக்கு ஆசையே கிடையாது என்று ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். சுத்தமாக இருப்பது அவருக்கு எளிது, அதனால்தான் என்னை அப்படிச் செய்ய முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவருக்கும் அரித்திருக்கிறது. என்னைப்போலவே, ஒருவேளை என்னைவிடவும்.

இறப்பதற்கு ஒரு வாரம் முன்புதான் விதிகளில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பெட்டியைத் திறக்க அவர் குறித்திருந்த நாளையே குழு வைத்துக்கொண்டது. மூன்று மணிக்குக் காணொளியில் பல ஊர் முகங்கள் வந்தன. எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு அந்த இத்தாலியப் பெண், "தங்கவேல், உங்களிடம்தானே இருக்கிறது?" என்றார். உறையின் ஓரத்தைக் கிழித்தேன். கடிதம் இல்லை. எண் மட்டும்தான், கிரேஸின் கையெழுத்தில். வாசித்தேன், கிரேஸ் தட்டினார். இரண்டு இடத்தில் இலக்கம் தவறி, மறுபடி வாசித்தேன்.

புள்ளிகள் நகர்ந்து வந்து ஒன்று என்ற கோட்டின்மேல் உட்கார்ந்தன. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நேராக. பள்ளம் இல்லை. பள்ளம் என் பதினாலாவது விதி தோண்டியது.

"ஒண்ணும் வரலையே சார்," என்றார் கிரேஸ் மெதுவாக. என்னைப் பார்க்க அவருக்குச் சங்கடமாக இருந்தது.

சங்கடம் எனக்கும் வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். எழுந்தவன் உட்கார முடியாமல் நின்றேன். "மேடம், ஒழுகுது. ஆனா விழுங்கல. எப்பிடி? அந்தத் துளிக்கு வயசு போதலையா, அகலம் போதலையா? இல்ல, நாம சாறுன்னு நெனைக்கிறது அங்கன சாறே இல்லையா?" காணொளியில் ஒரு ஜப்பானியர் மறுத்தார், நான் மறுப்பை மறுத்தேன், போலந்துக்காரர் நடுவில் புகுந்தார். மாலை ஆறு மணிவரை பேசினோம். ஒன்பது வருடமாக நான் சுமந்து திரிந்த கண்டுபிடிப்பு கண் முன்னால் இல்லாமல் போயிருந்தது. அதன் இடத்தில் நிஜமான ஒன்று நேர்கோடாக நின்றது. என் பள்ளத்தைவிட அது ஆயிரம் மடங்கு விசித்திரமானது. இதைச் சொல்லிக் கூத்தாட வேண்டிய ஆள் அந்த அறையில் இல்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவருடைய நோட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் கிரேஸ். வேண்டாம், அவை துறையில் இருக்கட்டும் என்றேன். சபுராவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது வேறு. எவ்வளவு வேண்டுமானாலும் ஆசைப்படலாம், ஆனால் ஆசைப்படுகிறவன் தன்னை நம்பக் கூடாது. விடையைத் தன் கை எட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும். ரோஷத்தையும் அதற்குப் பூட்டாகப் போடலாம் என்பது அவர் கண்டுபிடித்தது. என்னிடம் அது நிறைய இருக்கிறது.

மெஷினில் இப்போது ஆக்சிஜன் கருக்களையும் மோதவிட்டிருக்கிறார்கள். புரோட்டானின் சிறு துளிக்கும் ஈயத்தின் பெரிய துளிக்கும் நடுவே ஒரு துளி. விழுங்கத் தொடங்குவது எங்கே என்று அதில் தெரியலாம். மற்றக் குழுக்கள் முடிவுகளை வெளியிட்டு வருகின்றன. நான் அவற்றைப் படிப்பதில்லை. நானும் கிரேஸும் சபுராவின் விதிகளோடு எங்கள் பெட்டியை மூடியிருக்கிறோம். கிரேஸிடம் இயற்பியல் பேசினால் இப்போதெல்லாம் நன்றாகவே சண்டை போடுகிறார். புதிய சாவி எண்ணை ஆய்வுக்கு வெளியே ஓர் ஆசிரியர் தட்டி, உறையில் வைத்து ஒட்டித் தந்தார். யாரிடம் கொடுப்பது என்று அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் துறைத்தலைவரும் நானும் முகம் பார்த்துப் பேசி ஆறு வருடம் ஆகிறது. அவர் அதை இரண்டு விரலால் வாங்கி, இழுப்பறையில் போட்டு, பூட்டி, சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எழுதும்போது பக்கத்துத் திரையில் ஆக்சிஜன் புள்ளிகள் நிற்கின்றன. உண்மையான இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று எனக்குத் தெரியாது. பள்ளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். துறைத்தலைவரின் அறை என் அறையிலிருந்து மூன்றாவது கதவு. கை அரிக்கிறது. போய்க் கேட்க மாட்டேன்.